பாடத்துக்காகத் திரைப்படம் காட்டினேன், விடைத்தாளில் வசனம் வந்தது: எங்கே தவறினேன்?

கேள்வி: சமூக அறிவியல் ஆசிரியை, விழுப்புரம் மாவட்டம்

அனைவருக்கும் வணக்கம். அரசு உயர்நிலைப் பள்ளி ஒன்றில் பத்தாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் நடத்தி வருகிறேன். 2022ஆம் ஆண்டில் அரசுப் பள்ளிகளில் ஆறு முதல் ஒன்பது வரையிலான வகுப்புகளுக்கு மாதந்தோறும் சிறார் திரைப்படம் திரையிடத் தொடங்கியபோது, எங்கள் பள்ளியில் அந்தப் பொறுப்பை விரும்பி ஏற்றுக்கொண்டவள் நான். சன்னல்களில் பழைய போர்வைகளைக் கட்டி இருட்டாக்கிய அறையில் பிள்ளைகள் அசையாமல் உட்கார்ந்து பார்த்த அந்த முதல் நாள் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. அந்த நம்பிக்கையில்தான் இந்த ஆண்டு பத்தாம் வகுப்பில் பாளையக்காரர் பாடத்தைத் தொடங்கும்போது, 1959இல் வெளிவந்த ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ திரைப்படத்தை முழுமையாகக் காட்டினேன். ஐந்து பாடவேளைகள் பிடித்தன. அவற்றில் இரண்டு, கணித ஆசிரியரிடம் கேட்டு வாங்கியவை.

படம் முடிந்ததும், “எப்படி இருந்தது?” என்று கேட்டேன். “நல்லா இருந்துச்சு டீச்சர்” என்று ஒரே குரலில் சொன்னார்கள். அதற்கு மேல் என்ன கேட்பதென்று எனக்கும் தோன்றவில்லை, மணியும் அடித்துவிட்டது.

பத்து நாள் கழித்து வைத்த தேர்வில், கட்டபொம்மனுக்கும் கலெக்டர் ஜாக்சனுக்கும் இடையே ஏற்பட்ட பிணக்கை விவரிக்குமாறு ஒரு நெடுவினா கேட்டிருந்தேன். வகுப்பில் பாதிப் பேருக்கு மேல், திரையில் கேட்ட வசனத்தை ஏறக்குறைய அப்படியே விடையாக எழுதியிருந்தார்கள். சந்திப்பு நடந்த இராமநாதபுரத்தையும் 1798 என்ற ஆண்டையும் எழுதியவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். விடைத்தாள்களைப் பார்த்த தலைமை ஆசிரியர், அந்த ஐந்து பாடவேளைகளில் பாடத்தை இரண்டு முறை வாசிக்க வைத்திருந்தால் மதிப்பெண்ணாவது வந்திருக்கும் என்று வருத்தத்தோடு சொன்னார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

இனிமேல் படமே வேண்டாம் என்று விட்டுவிடுவதா, அல்லது இதைச் செய்வதற்கு வேறு முறை உண்டா? வகுப்பில் உண்மையாகவே செய்து பார்த்தவர்கள் தங்கள் அனுபவத்தை எழுதினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதில் 1: வரலாற்று ஆசிரியர், தூத்துக்குடி மாவட்டம்

வணக்கம் அம்மா. நீங்கள் தவறிழைத்துவிட்டதாக நான் நினைக்கவில்லை. உங்கள் மாணவர்கள் ஒரு வசனத்தைப் பத்து நாள் நினைவில் வைத்திருந்து எழுதியிருக்கிறார்கள். திரைப்படம் அவ்வளவு ஆழமாகப் பதியும் என்பதற்கு அதுவே சான்று. அப்படிப் பதிந்ததை என்ன செய்வது என்பதுதான் நம் வேலை. நானும் முதல் இரண்டு ஆண்டுகள் முழுப் படத்தையும் காட்டி உங்களைப் போலவே திகைத்து நின்றவன்தான். இப்போது அதே படத்திலிருந்து ஜாக்சனைச் சந்திக்கும் காட்சியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அதையும் பாடநூலை வாசித்து முடித்த பிறகே காட்டுகிறேன்.

முதல் பாடவேளையில் பாடநூலின் அந்தப் பகுதியை மாணவர்களையே வாசிக்கச் சொல்லி, அதில் வரும் எண்களைக் கரும்பலகையில் எழுத வைப்பேன். கட்டபொம்மன் கிழக்கிந்தியக் கம்பெனிக்குச் செலுத்த வேண்டியிருந்த வரி நிலுவை 3310 பகோடா (அக்காலத்துப் பொற்காசு). குற்றாலத்திலும் திருவில்லிபுத்தூரிலும் ஜாக்சனைச் சந்திக்க அவர் முயன்றும் அனுமதி மறுக்கப்பட்டது. கடைசியாக 1798 செப்டம்பரில் இராமநாதபுரத்தில் சந்திப்பு நடந்தபோது, மூன்று மணி நேரம் அவர் நிற்க வைக்கப்பட்டார். கணக்குப் பார்த்தபோது நிலுவையில் பெரும்பகுதியை அவர் ஏற்கெனவே செலுத்திவிட்டதும், மீதம் 1080 பகோடா மட்டுமே இருந்ததும் தெரியவந்தது. இவ்வளவும் கரும்பலகையில் இருக்கும்போதே, அதன் பக்கத்துத் திரையில் அந்தக் காட்சியை ஓடவிடுவேன்.

காட்சி முடிந்ததும் நான் ஒன்றும் கேட்பதில்லை. சென்ற ஆண்டு சிறிது நேர அமைதிக்குப் பிறகு ஒரு மாணவன் எழுந்து, “அப்படின்னா அவர் வரி கட்டினாரா சார்?” என்று கேட்டான். வரி கேட்பதற்கே உனக்கு உரிமை இல்லை என்று திரையில் முழங்கியவர், கணக்குப்படி மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் செலுத்தியிருக்கிறார் என்பதை அவனால் ஏற்க முடியவில்லை. இன்னொருவனுக்குக் கோபமே வந்துவிட்டது. புத்தகம் கட்டபொம்மனைக் குறைத்துக் காட்டுகிறது என்றான். அந்தக் கோபத்தை நான் அடக்கவில்லை. வரி கட்டிய ஒருவரை மூன்று மணி நேரம் நிற்க வைத்தது சரியா என்று மட்டும் கேட்டேன். வகுப்பின் போக்கே மாறிவிட்டது. கட்ட மறுத்தவரை அவமதித்ததைவிட, கட்டியவரை அவமதித்தது பெரிய அநீதி என்று அவர்களே வாதாடத் தொடங்கினார்கள். அந்தச் சந்திப்பில் மூண்ட கைகலப்பில் லெப்டினன்ட் கிளார்க் இறந்ததும், பின்னர் நடந்த விசாரணையின் முடிவில் ஜாக்சன் பதவி இழந்ததும் அதன்பின் அவர்களுக்கு மனப்பாடம் செய்ய வேண்டிய செய்திகளாக இருக்கவில்லை.

இரண்டாம் முறை அதே காட்சியை ஒலியை நிறுத்திவிட்டு ஓட்டுவேன். அப்போதுதான் வேறு கேள்விகள் வரும். ஜாக்சனுக்குத் தமிழ் தெரியுமா என்று ஒரு மாணவி கேட்டாள். பத்தாண்டுகளாகப் பாடம் நடத்தும் எனக்கே அதுவரை தோன்றாத கேள்வி அது. கம்பெனி அதிகாரிகளுக்கும் நம் மக்களுக்கும் நடுவில் நின்று மொழிபெயர்த்த துபாஷிகளைப் பற்றி அன்றுதான் விரிவாகப் பேசினோம். ஒருவர் சொன்னதை இன்னொருவர் மொழிபெயர்த்துச் சொல்லும்போது எது கூடும், எது குறையும் என்று இரண்டு பேரை முன்னால் நிறுத்தி நடித்தும் பார்த்தோம். மூன்று மணி நேரம் ஒருவர் நின்றுகொண்டிருப்பதைப் படத்தில் எப்படிக் காட்டுவது என்று நான் கேட்டபோது, “அதைக் காட்டினா யாரும் டிக்கெட் வாங்க மாட்டாங்க சார்” என்று கடைசி வரிசையிலிருந்து பதில் வந்தது. திரைக்கலையைப் பற்றி நான் சொல்ல நினைத்திருந்ததை அந்தப் பையன் ஒரே வரியில் சொல்லிவிட்டான்.

நான் முக்கியமாகக் கருதும் செய்தி ஒன்று உண்டு. அந்த வசனங்களை எழுதியவர் சக்தி டி.கே. கிருஷ்ணசாமி. முதலில் சிவாஜி கணேசனின் நாடக மன்றத்துக்காக மேடை நாடகமாக எழுதப்பட்டு, பிறகு பி.ஆர். பந்துலுவின் இயக்கத்தில் திரைக்கு வந்தது. நாடு விடுதலை பெற்றுப் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளே ஆகியிருந்த காலம் அது. ஆகவே 1799இல் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்ட மனிதர் என்ன பேசினார் என்பதற்கு அந்தப் படம் சான்றாகாது. ஆனால் 1959இல் கொட்டகையில் உட்கார்ந்திருந்த தமிழர்கள் தங்கள் முன்னோர் என்ன பேசியிருக்க வேண்டும் என்று விரும்பினார்கள் என்பதற்கு அதைவிட நல்ல சான்று கிடைக்காது. ஒரு வரலாற்றுப் படம், அது காட்டும் காலத்தைப் பற்றிச் சொல்வதைவிட, அது எடுக்கப்பட்ட காலத்தைப் பற்றி அதிகம் சொல்கிறது. பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இது புரியுமா என்று தயங்க வேண்டாம். “இந்தப் படம் வந்தபோது உங்கள் தாத்தா பாட்டிக்கு என்ன வயது? யாராவது பார்த்திருக்கிறார்களா?” என்று வீட்டில் விசாரித்துவரச் சொல்லுங்கள். மறுநாள் அவர்களே வந்து சொல்வார்கள்.

இன்னொரு சிறு சோதனையையும் செய்து பாருங்கள். கட்டபொம்மனைப் பிடித்துக் கம்பெனியிடம் ஒப்படைத்தது யார் என்று பாடத்துக்கு முன்பே கேளுங்கள். எங்கள் பக்கத்தில் பெரும்பாலான பிள்ளைகள் எட்டயபுரம் என்றே சொல்வார்கள். பாடநூலில் இருப்பதோ புதுக்கோட்டை மன்னர். எட்டயபுரத்தார் கம்பெனியின் பக்கம் நின்றது உண்மைதான். ஆனால் ஒரு பெயர் ஊரெங்கும் வசைச்சொல்லாகவே ஆகிவிட்ட பிறகு, செய்தியைச் சரிபார்க்க யாருக்கும் தோன்றுவதில்லை. சரிபார்க்கத் தோன்ற வைப்பதற்குத்தான் வரலாற்று வகுப்பு இருக்கிறது.

பதில் 2: கணித ஆசிரியர், ஈரோடு மாவட்டம்

பாடவேளையைக் கடன் கொடுத்த கணித ஆசிரியரின் பக்கத்திலிருந்தும் ஒரு சொல். நானும் படம் காட்டுகிறேன், ஆனால் ஒன்பதே நிமிடப் படம். சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் தம்பதியர் 1977இல் எடுத்த ‘பவர்ஸ் ஆஃப் டென்’ என்ற குறும்படம் அது. சிகாகோ நகரின் ஏரிக்கரைப் பூங்கா ஒன்றில் படுத்திருக்கும் மனிதரிடமிருந்து தொடங்கி, பத்து விநாடிக்கு ஒருமுறை பத்து மடங்கு தொலைவுக்கு மேலே போய்க்கொண்டே இருக்கும் காட்சி, அண்டவெளியைத் தொட்டபின் திரும்பி வந்து அவருடைய கையின் தோலுக்குள் இறங்கி அணுவரை செல்லும். ஒன்பதாம் வகுப்பில், எண்களைப் பத்தின் அடுக்குகளைக் கொண்டு எழுதும் அறிவியல் குறியீட்டை நடத்தும்போது இதைக் காட்டுகிறேன். விளக்கவுரை ஆங்கிலத்தில் இருப்பதால் ஒலியை நிறுத்திவிட்டு நானே பேசுவேன். ஒவ்வொரு பத்து விநாடிக்கும் நிறுத்தி, அடுத்ததாக என்ன தெரியும் என்று கேட்பேன்.

ஒரு நிகழ்ச்சியை மட்டும் சொல்கிறேன். படம் திரும்பி வந்து 10இன் அடுக்கு 0 என்ற இடத்தைக் கடந்து குறை அடுக்குக்குள் நுழைந்தபோது, நன்றாகவே கணக்குப் போடும் ஒரு மாணவி, “சார், மைனஸ் வந்தா அந்த ஆளுக்குப் பின்பக்கம் போயிடும்னு நினைச்சேன்” என்றாள். குறை அடுக்கு என்றால் குறை எண் என்று அவள் இரண்டு ஆண்டுகளாக எண்ணிக்கொண்டிருந்திருக்கிறாள். விடைகளெல்லாம் சரியாக இருந்ததால் எனக்கு அது தெரியாமலே போயிற்று. உடனே அளவுகோலை எடுத்துவரச் சொல்லி, 10இன் அடுக்கு −1 மீட்டர் என்பது பத்து சென்டிமீட்டர், அதாவது நம் உள்ளங்கையின் அகலத்தைவிடச் சற்றே அதிகம் என்பதை அவளையே அளந்து பார்க்க வைத்தேன். படம் பாடத்தை விளக்கியதைவிட, அவள் மனத்தில் இருந்த பிழையை எனக்குக் காட்டிக் கொடுத்ததுதான் பெரிய பயன்.

பதில் 3: ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர், மதுரை

உங்கள் தலைமை ஆசிரியரின் பக்கத்தையும் சற்றுப் புரிந்துகொள்ளுங்கள் அம்மா. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கு விடை சொல்ல வேண்டியவர் அவர். 1913இலேயே தாமஸ் எடிசன், பள்ளிகளில் புத்தகங்களுக்கு இனி வேலை இருக்காது, எல்லாப் பாடங்களையும் திரைப்படமே கற்பித்துவிடும் என்று சொல்லிவைத்தார். நூறாண்டு கடந்தும் புத்தகம் நம் கையில்தான் இருக்கிறது. கருவி வந்ததும் ஆசிரியர் ஒதுங்கிக்கொள்ளலாம் என்ற எண்ணம் ஒவ்வொரு முறையும் தோற்றிருக்கிறது. ஆனால் முதல் பதிலை எழுதியவர் ஒதுங்கவில்லை. திரைக்கும் கரும்பலகைக்கும் நடுவில் நிற்கிறார். அப்படி நடத்துவதாக இருந்தால் நான் எத்தனை பாடவேளை வேண்டுமானாலும் கொடுத்திருப்பேன்.

திரையிடுவதற்கு முன் முழுப் படத்தையும் தனியாக உட்கார்ந்து பார்த்துவிடுங்கள். நான் அப்படிச் செய்யாததால் நேர்ந்த ஒன்றை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை. நல்ல படம் என்று பலரும் சொன்னதைக் கேட்டு எட்டாம் வகுப்புக்கு ஒரு படத்தைப் போட்டோம். அதில் ஒரு தந்தை இறக்கும் காட்சி வந்தது. இரண்டு மாதங்களுக்கு முன் தகப்பனை இழந்திருந்த ஒரு பெண் குழந்தை அந்த வரிசையில் உட்கார்ந்திருந்தது இருட்டில் எங்கள் யாருக்கும் நினைவில் இல்லை. விளக்கைப் போட்டபோது அந்தக் குழந்தை தாவணி முனையை வாயில் அடைத்துக்கொண்டு சத்தம் வராமல் அழுதுகொண்டிருந்தது. பக்கத்தில் இருந்த தோழிக்குக்கூடத் தெரியவில்லை. தணிக்கைச் சான்றிதழில் ‘யு’ என்று இருப்பது மட்டும் போதாது. எந்தப் பிள்ளையின் வீட்டில் என்ன நடந்திருக்கிறது என்று வகுப்பாசிரியரைக் கேட்டுவிட்டுத்தான் அதற்குப் பிறகு எந்தப் படத்தையும் போட்டேன். அறையை முழுவதும் இருட்டாக்குவதையும் நிறுத்திவிட்டேன். முகம் தெரியுமளவுக்கு வெளிச்சம் இருக்கட்டும்.

உரிமை பற்றியும் சிலர் தயங்குவதுண்டு. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் 52ஆம் பிரிவு, கல்வி நிறுவனத்தின் பணிகளின் ஒரு பகுதியாக, மாணவர்கள், ஆசிரியர்கள், பெற்றோர் போன்றோர் மட்டும் பார்க்கும்படி திரையிடுவதற்கு விலக்கு அளிக்கிறது. ஊரைக் கூட்டிக் காட்டுவதற்கு அது பொருந்தாது.

பதில் 4: தமிழாசிரியை, தஞ்சாவூர் மாவட்டம்

மொழி வகுப்பில் நான் தேடுவது பேச்சே இல்லாத படங்களைத்தான். ஆல்பெர் லமோரீஸ் என்ற பிரெஞ்சு இயக்குநரின் ‘சிவப்பு பலூன்’ 1956இல் வந்தது, 34 நிமிடங்கள் ஓடும். பாரிஸ் நகரத்துத் தெருக்களில் ஒரு சிறுவனை ஒரு பலூன் நாய்க்குட்டியைப் போலப் பின்தொடரும் கதை. வசனம் ஏறக்குறைய இல்லாத அந்தப் படத்துக்கு மூலத் திரைக்கதைக்கான ஆஸ்கர் விருது கிடைத்தது என்று சொன்னால், பேச்சில்லாமல் எதை எழுதியிருப்பார்கள் என்று ஆறாம் வகுப்பே வியந்து கேட்கும். அந்தக் கேள்வியிலிருந்தே என் கட்டுரைப் பாடம் தொடங்கும்.

பலூன் சுருங்கித் தரையில் கிடக்கும் இடத்தில் நிறுத்திவிட்டு, அதற்கு மேல் நீங்களே எழுதுங்கள் என்று சொல்வேன். முடிவை மறுநாள்தான் காட்டுவேன். என் வகுப்பில் இன்னும் எழுத்துக்கூட்டியே வாசிக்கும் ஒரு மாணவன் இருக்கிறான். வாசிப்புப் பாடத்தில் அவன் தலை நிமிர்வதே இல்லை. அந்தத் தெருவும் வீடுகளும் மனிதர்களின் உடைகளும் சாம்பல் நிறமாக இருப்பதையும், பலூன் மட்டும் சிவப்பாக இருப்பதையும் முதலில் கவனித்துச் சொன்னவன் அவன்தான். “மழை வர்ற மாதிரியே இருக்கு டீச்சர், பலூன் மட்டும் வெயில்” என்றான். அந்த வரியைக் கரும்பலகையில் எழுதி, உவமைக்கும் உருவகத்துக்கும் அதையே எடுத்துக்காட்டாக வைத்தேன். அவன் தன் வரியைத் தானே எழுத்துக்கூட்டி வாசித்தான்.

கேள்வி கேட்டவர்: மூன்று வாரங்களுக்குப் பிறகு

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. வரலாற்று ஆசிரியர் ஐயா சொன்னபடி, 3310, 1080 என்ற இரண்டு எண்களையும் கரும்பலகையில் எழுதிவிட்டுக் காட்சியைப் போட்டேன். முதல் வகுப்பிலேயே ஒலிபெருக்கி வேலை செய்யவில்லை. வேறு வழியில்லாமல் ஒலி இல்லாமலே காட்டத் தொடங்கியதில், சென்ற முறை வசனத்தில் மயங்கியிருந்த பிள்ளைகள் இந்த முறை முகங்களையும் யார் எங்கே நிற்கிறார்கள் என்பதையும் பார்த்தார்கள். பிறகு அந்த வசனத்தை அவர்களே நினைவிலிருந்து சொன்னார்கள், நான் எழுதினேன். எந்த வரிக்குப் பாடநூலில் ஆதாரம் இருக்கிறது, எதற்கு இல்லை என்று ஒவ்வொன்றாகக் கோடிட்டோம். இரண்டே பாடவேளைகள்தான் ஆயின. மறுதேர்வில் ஒரு மாணவி, “இவ்வாறு திரைப்படத்தில் கூறப்படுகிறது, ஆனால்” என்று ஒரு பத்தியைத் தொடங்கியிருந்தாள். அந்த “ஆனால்” என்ற சொல்லைத் தலைமை ஆசிரியரிடம் காட்டினேன். விடைத்தாளை வாங்கி முழுவதும் வாசித்தார். அடுத்த பாடத்துக்கும் இப்படி ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார்.

ஒரு குறை இருக்கிறது. பேசுகிற பத்துப் பேரே மீண்டும் மீண்டும் பேசுகிறார்கள். நான்கைந்து பிள்ளைகள், அதிலும் பெண் பிள்ளைகள், படம் ஓடும்போது நன்றாகக் கவனிக்கிறார்கள் என்பது முகத்தில் தெரிகிறது; கேட்டால் எழுந்து நின்று தலையைக் குனிந்துகொள்கிறார்கள். அவர்களை எப்படிப் பேச வைப்பது?

பதில் 5: வரலாற்று ஆசிரியர், தூத்துக்குடி மாவட்டம்

அவர்களிடம் கேள்வி கேட்காதீர்கள் அம்மா. படத்தை நிறுத்தும் பொறுப்பைக் கொடுத்துவிடுங்கள். ஒரு பாடவேளைக்கு ஒருவர் என்று முறை வைத்து, கணினியின் முன்னால் உட்கார வைத்து, உனக்கு எங்கே நிறுத்தத் தோன்றுகிறதோ அங்கே நிறுத்து, காரணம் சொல்ல வேண்டியதில்லை என்று சொல்லிவிடுவேன். மற்ற பிள்ளைகள்தாம் அவர் ஏன் நிறுத்தினார் என்று ஊகிக்க வேண்டும்.

ஆண்டு முழுவதும் வாய் திறக்காத ஒரு மாணவி, யாரும் எதிர்பார்க்காத ஓரிடத்தில், கோட்டைச் சுவர் பின்னால் தெரியும் காட்சியில் நிறுத்தினாள். வசனத்தை, உடையை, குதிரையை என்று மற்றவர்கள் ஒவ்வொன்றாகச் சொல்ல, அவள் இல்லை இல்லை என்று தலையசைத்துக்கொண்டே இருந்தாள். கடைசியில் தானே எழுந்து போய்த் திரையில் அந்தச் சுவரைத் தொட்டு, “இது கல்லு. அங்க மண் கோட்டைதானே இருந்துச்சு?” என்றாள். எங்கள் பள்ளியிலிருந்து பாஞ்சாலங்குறிச்சி தொலைவில் இல்லை, அவள் போயிருக்கிறாள். அங்கே இன்று நிற்பது 1974இல் தமிழக அரசு கட்டிய நினைவுக் கோட்டை என்பதும், படத்தின் போர்க் காட்சிகள் ஜெய்ப்பூரில் எடுக்கப்பட்டவை என்பதும் அப்போது பேச்சில் வந்தன. படத்தில் இருப்பதும் அந்தக் கோட்டை இல்லை, ஊரில் இருப்பதும் அந்தக் கோட்டை இல்லை என்றால் பழைய கோட்டை எப்படித்தான் இருந்திருக்கும் என்று அவளே கேட்டாள். மீதிப் பாடவேளை முழுவதும், மண்ணால் ஒரு கோட்டை கட்டினால் சுவரின் அடி எவ்வளவு அகலமாக இருக்க வேண்டும், பீரங்கிக் குண்டு பட்டால் கல் உடையுமா மண் தாங்குமா என்று பேசிக்கொண்டே கரும்பலகையில் வரைந்தார்கள். சுண்ணக்கட்டி அவள் கையில்தான் இருந்தது.